முகநரம்புக்குக் காந்தப் பரிசோதனை: ரிப்போர்ட்டில் உள்ள எண்ணில் வயதுக்கு எவ்வளவு, நோய்க்கு எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் ஒருவருக்கு வாய் கோணிவிட்டால் சிலர் கோயம்புத்தூருக்கு ஓடுவார்கள், சிலர் திருச்சூருக்கு ஓடுவார்கள். எங்கே போனாலும் நரம்புப் பரிசோதனை முடிந்ததும் கையில் ஒரு தாள் வரும். அதில் இருப்பது ஆங்கிலம், டாக்டர் விளக்குவது மலையாளத்தில், வீட்டில் பேசுவது தமிழ். கடைசியில் எல்லாருக்கும் மனதில் நிற்பது ஒரு எண்ணும், அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு நட்சத்திரக் குறியும்தான். எழுபது வயது அம்மாவின் ரிப்போர்ட்டைப் பன்னிரண்டு வயதுப் பேரனின் ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்து, "பாட்டிக்கு நரம்பு போயே போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறான கணக்கு. எழுபது வயது நரம்பும் பன்னிரண்டு வயது நரம்பும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது, அதுதான் ஆபத்து. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி உண்மையான நோயைத் தள்ளிவிடுவது. வயதால் இந்த எண்கள் எவ்வளவு மாறும், எந்த விதத்தில் மாறும் என்று தெரிந்தால் இரண்டு தவறையும் தவிர்க்கலாம்.

முகநரம்பு ஓடும் பாதை

முகத்தை அசைக்கும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் ஏழாவது கபால நரம்பு. வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. கண்ணை மூடுவது, நெற்றியைச் சுருக்குவது, சிரிப்பது, தண்ணீரை வாயோரம் ஒழுகாமல் குடிப்பது எல்லாம் இதன் வேலை. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவை உணர்வும், கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகளும், காதுக்குள் இருக்கும் மிகச்சிறிய தசை ஒன்றுக்கான இழையும் இதே நரம்பில்தான் வருகின்றன. முகம் கோணியவர்களில் சிலர் "சத்தம் தாங்க முடியலைங்க", "சாப்பாடு ருசிக்கலைங்க" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த நரம்பின் பாதையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. மூளைத்தண்டை விட்டு வெளியே வந்ததும் அது நேராக முகத்துக்குப் போவதில்லை. காது எலும்புக்குள் நுழைந்து, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த எலும்புக் குழாய் வழியாக ஓடி, காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டுக்குக் கீழே ஒரு சிறு துளை வழியாக வெளியே வருகிறது. அதன்பிறகு கன்னத்தில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து ஐந்து கிளைகளாகப் பிரிந்து நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என்று போகிறது. எலும்புக் குழாயின் நுழைவாயில்தான் இருப்பதிலேயே குறுகலான இடம், ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். நரம்பு கொஞ்சம் வீங்கினாலும் அங்கே நகர இடமில்லை.

பெல்ஸ் பால்சி என்று சொல்லப்படும் முகவாதத்தில் பாதிப்பு பெரும்பாலும் இந்தக் குறுகலில்தான் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகநரம்பை ஆராய்ந்த சார்லஸ் பெல்லின் பெயர் அந்த நோய்க்கு. உடலுக்குள் உறங்கிக்கிடக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் மறுபடி கிளர்ந்தெழுந்து நரம்பை வீங்கவைக்கிறது என்பதுதான் இன்று அதிகம் ஏற்கப்படும் விளக்கம். வாளையாறு வழியாக வீசும் கணவாய்க் காற்றில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததால்தான் வந்தது என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் காற்றில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் போய்வருகிறார்கள், அவர்கள் எல்லாருக்கும் முகம் கோணுவதில்லை. காற்றைக் குற்றம் சொல்லிக்கொண்டு எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதில் ஒரு வாரம் போனால், மருந்துக்கான நேரம் போய்விடும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மின்சாரத்துக்கு எட்டாத இடம்

நரம்பைச் சோதிக்கும் வழக்கமான முறை மின் தூண்டல். காதுக்குப் பின்னால் அந்தத் துளை இருக்கும் இடத்தில் ஒரு சிறு மின்னதிர்வு கொடுப்பார்கள், மூக்கோரத்திலோ கண்ணோரத்திலோ ஒட்டிய மின்முனை தசையின் பதிலைப் பதிவு செய்யும். எளிதானது, பல ஊர்களில் கிடைக்கிறது. ஆனால் எலும்புக்கு வெளியே வந்துவிட்ட நரம்பைத்தான் இது தொடுகிறது. பாதிப்பு எலும்புக்குள், தூண்டுவது எலும்புக்கு வெளியே.

எலும்பைத் தாண்டி உள்ளே தூண்ட வழி தேடியபோது 1980-ல் இங்கிலாந்தில் மெர்டன், மார்டன் என்ற இருவர் உச்சந்தலை வழியாக அதிக மின்னழுத்தம் கொடுத்து மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். வேலை செய்தது, ஆனால் வலி தாங்க முடியாது. 1985-ல் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் மின்சாரத்துக்குப் பதிலாகக் காந்தப்புலத்தைப் பயன்படுத்தினார்கள். இதன் அடிப்படை 1831-ல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதி. கம்பிச்சுருள் ஒன்றில் பலமான மின்னோட்டத்தை ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரம் பாயவிட்டால், ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா வரையிலான காந்தப்புலம் சட்டென்று எழுந்து அடங்கும். அப்படி மாறும் புலம் தோல், எலும்பு எதையும் பொருட்படுத்தாமல் ஊடுருவி உள்ளே ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும், அது நரம்பைத் தூண்டும். வலி மிகக் குறைவு. "டப்" என்று ஒரு சத்தம் வரும், அதற்குக் காதை அடைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கம்பிச்சுருளைக் காதுக்கு மேலும் பின்னுமாகத் தலையின் பக்கவாட்டில் வைத்தால் முகநரம்பு எலும்புக்குள் நுழையும் பகுதியில் தூண்டப்படுகிறது. அந்த இடத்திலேயே ஏன்? மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும், எலும்பில் பாயாது. திரவத்திலிருந்து எலும்புக்குள் நரம்பு நுழையும் வாசலில் இந்த மாற்றம் சட்டென்று நிகழ்வதால் தூண்டல் அங்கே குவிகிறது. பெல்ஸ் பால்சியில் அடிபடும் இடமும் அதற்குப் பக்கத்தில்தான். காந்தப் பரிசோதனைக்கு மதிப்பு வந்தது இந்தக் காரணத்தால்தான்.

கம்பிச்சுருளை எதிர்ப்பக்கத் தலையில், முகத்தை ஆளும் மூளைப்புறணிக்கு (மூளையின் மேலடுக்குக்கு) மேல் வைத்தால், மூளையிலிருந்து தசை வரை முழுப் பாதையையும் பார்க்கலாம். ஆக மூன்று இடத்தில் தூண்டி மூன்று நேரங்களை எடுக்கலாம். வளர்ந்த ஆரோக்கியமான ஒருவருக்கு அவை ஏறக்குறைய இப்படி வரும்:

1. காதுக்குப் பின்னால் மின் தூண்டல்: 3 முதல் 4 மில்லி நொடி.
2. காதுக்கு மேலே காந்தத் தூண்டல், அதாவது எலும்பின் நுழைவாயில்: 5 மில்லி நொடியை ஒட்டி.
3. எதிர்ப்பக்க மூளைப்புறணியில் காந்தத் தூண்டல்: 10 முதல் 12 மில்லி நொடி.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைக்கும் ஒரு மில்லி நொடிச் சொச்சம்தான் எலும்புக்குள் பயணம் செய்த நேரம். முகநரம்பைப் பற்றிக் காந்தப் பரிசோதனை நமக்குப் புதிதாகச் சொல்வது அந்த ஒரு மில்லி நொடியை.

லேட்டன்சி, ஆம்ப்ளிட்யூட்

ரிப்போர்ட்டில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தூண்டியதிலிருந்து தசை பதில் சொல்லத் தொடங்கும் வரை ஆகும் நேரம் லேட்டன்சி, மில்லி நொடியில் இருக்கும். பதிலின் உயரம் ஆம்ப்ளிட்யூட், மில்லிவோல்ட்டில் இருக்கும். நரம்பின் மேலுறையான மைலின் கெட்டால் வேகம் குறையும், அதனால் லேட்டன்சி நீளும். நரம்பிழைகளே அழிந்தால் பதில் சொல்லத் தசை இழைகள் குறையும், அதனால் ஆம்ப்ளிட்யூட் விழும். பாடப்புத்தகக் கணக்கு இது.

ஆனால் நடைமுறையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதில்லை, வயது விஷயத்தில் இது முக்கியம். நெம்மாறை வேலைத் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செண்டை மேளக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் கோல் போட்டால் அந்த அடி நெஞ்சில் விழும். அதே ஆட்கள், அதே பலம், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் கொஞ்சம் முன்பின்னாகக் கோல் போட்டால் சத்தம் பரந்து போய்விடும், அடி தெரியாது. முகநரம்பில் ஏறக்குறைய 10,000 இழைகள் இருக்கின்றன, அவற்றில் 7,000 போல அசைவுக்கானவை. எல்லாமும் ஒரே வேகத்தில் செய்தியைக் கொண்டுபோனால் பதில் உயரமாக, கூராக வரும். சில இழைகள் பிந்தினால், ஒரு இழைகூட அழியாமலே, ஆம்ப்ளிட்யூட் குறைந்து அலை அகலமாகும். ஆகவே ஆம்ப்ளிட்யூட் குறைவு என்று கண்டவுடன் "நரம்பு செத்துப்போச்சு" என்று முடிவு செய்யக்கூடாது, அலையின் அகலத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிறந்த நாளிலிருந்து பள்ளி வயது வரை

வயதால் வரும் மாற்றம் என்றதும் எல்லாரும் முதுமையை நினைக்கிறோம். உண்மையில் இந்த எண்கள் மிக வேகமாக மாறுவது வாழ்க்கையின் முதல் சில ஆண்டுகளில்தான்.

பிறந்த குழந்தையின் நரம்புகளில் மைலின் உறை முழுமையாக உருவாகியிருக்காது. வேகம் பெரியவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். குழந்தையின் முகம் சின்னது, நரம்பு ஓடும் தூரமும் குறைவு, அப்படியானால் நேரம் குறைய வேண்டுமே என்று தோன்றும். ஆனால் வேகக்குறைவு அந்தத் தூரச் சலுகையைத் தின்றுவிடுகிறது, பிறந்த மாதத்தில் முகநரம்பின் லேட்டன்சி பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும். முதல் ஓரிரு ஆண்டுகளில் அது மளமளவென்று இறங்கி, மூன்று, நான்கு வயதுக்குள் பெரியவர்களின் அளவை ஒட்டி வந்துவிடும். அதற்கு மேல் ஒரு சுவாரசியமான சமநிலை உண்டாகிறது: மைலின் தடிக்கத் தடிக்க வேகம் கூடுகிறது, முகம் வளர வளரத் தூரமும் கூடுகிறது, ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் லேட்டன்சி பல ஆண்டுகள் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. உள்ளே இவ்வளவு மாறியும் வெளியே எண் மாறாமல் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மூளைப்புறணியைத் தூண்டும்போது கதை வேறு. குழந்தைகளின் மூளைப்பாதைகள் முதிர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகும், சின்ன வயதில் தூண்டல் வரம்பு மிக அதிகம். அதாவது பலமான தூண்டல் கொடுத்தாலும் ஓய்வில் இருக்கும் தசை பதில் தராமல் போகலாம். வரம்பு பெரியவர்களின் நிலைக்கு இறங்குவதற்குப் பதின்ம வயது ஆகிவிடுகிறது. எனவே ஐந்து வயதுக் குழந்தைக்கு மூளைப்புறணியிலிருந்து பதில் வரவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், அது மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு

நடுவயதுக்குப் பின் நரம்புகளின் வேகம் மெதுவாகக் குறையத் தொடங்குகிறது, பத்தாண்டுக்கு நொடிக்கு ஒன்று, இரண்டு மீட்டர் என்ற அளவில். காரணங்கள் பல சேர்ந்து வேலை செய்கின்றன. தடித்த, வேகமான இழைகளில் சில உதிர்கின்றன. மைலின் உறை ஆங்காங்கே கழன்று மறுபடி உருவாகும்போது பழைய நீளத்தில் உருவாகாமல் குட்டைக் குட்டைத் துண்டுகளாக உருவாகிறது, அதனால் செய்தி முன்பு தாவித் தாவிப் போன இடத்தில் இப்போது சின்னச் சின்ன எட்டாக வைத்துப் போக வேண்டியிருக்கிறது. மிச்சமிருக்கும் இழைகளும் கொஞ்சம் மெலிகின்றன. மெலிந்த இழையைத் தூண்டக் கூடுதல் பலம் வேண்டும்.

இது லேட்டன்சியை எவ்வளவு மாற்றும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலும்பின் நுழைவாயிலிலிருந்து மூக்கோரத் தசை வரை பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 2 மில்லி நொடி ஆகும். வயதால் வேகம் 45 மீட்டராகக் குறைந்தால் 2.2 மில்லி நொடி. மிச்ச நேரம் நரம்பின் மெல்லிய கடைசிக் கிளைகளிலும், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கைமாறும் இடத்திலும் செலவாகிறது, அங்கேயும் வயதால் கொஞ்சம் கூடலாம். இதே வேகக்குறைவை எண்பது சென்டிமீட்டர் நீளமுள்ள கால் நரம்பில் போட்டால் 16 மில்லி நொடி கிட்டத்தட்ட 17.8 ஆகிவிடும். முகநரம்பு குட்டையானது, அதனால் வயது அதன் லேட்டன்சியில் பெரிதாகக் கைவைக்க முடியாது. எழுபது வயதில் அரை மில்லி நொடிக்குள் கூடியிருந்தால் அதை வயதின் பங்கு என்று எடுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. இரண்டு மில்லி நொடி கூடியிருந்தால் அதை வயதின் தலையில் கட்ட முடியாது.

ஆம்ப்ளிட்யூட் அப்படி இல்லை. வயதின் தடம் அதிகம் தெரிவது இங்கேதான்.

அறுபதுக்கு மேல் தசைகளை ஆளும் நரம்பணுக்கள் குறைகின்றன. ஒரு நரம்பணு போனதும் அதன் கீழிருந்த தசை இழைகள் அநாதையாகின்றன, பக்கத்து நரம்பணுக்கள் புதிய கிளை விட்டு அவற்றைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. இந்த ஈடுசெய்யும் ஏற்பாட்டால் வெகுகாலம் வரை ஆம்ப்ளிட்யூட் பெரிதாக விழாது, ஆனால் கையிருப்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டே இருக்கும். அப்புறம் தசையும் மெலிகிறது. முகத்தோலும் அதன் அடிக்கொழுப்பும் மாறுவதால் மேலே ஒட்டிய மின்முனைக்குக் கிடைக்கும் சிக்னலும் மாறுகிறது. செண்டை உதாரணத்தில் சொன்ன அந்த முன்பின் விலகலும் சேர்ந்துகொள்கிறது. எல்லாம் சேர்ந்து, நோயே இல்லாத முதியவரிடமும் ஆம்ப்ளிட்யூட் இளைஞரைவிடக் குறைவாக இருக்கலாம்.

காந்தத் தூண்டலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை டாக்டர்களே சில நேரம் விளக்காமல் விட்டுவிடுகிறார்கள். மின் தூண்டலில் பலத்தைக் கூட்டிக்கொண்டே போய், இனி பதில் கூடாது என்ற நிலையைத் தாண்டியும் கொடுக்க முடியும், அப்போது எல்லா இழைகளும் பதில் சொல்லிவிட்டன என்று நம்பலாம். காந்தத்தில் கருவியின் உச்சபலத்துக்குப் போனாலும் சிலருக்கு எல்லா இழைகளும் தூண்டப்படாமல் போகலாம். கம்பிச்சுருளிலிருந்து தூரம் கூடினால் புலம் சட்டென்று வலுவிழக்கும், தலையின் அளவும் கம்பிச்சுருளை வைத்த கோணமும்கூட எண்ணை மாற்றும். போதாக்குறைக்குத் தாடைத் தசைக்குப் போகும் ஐந்தாம் நரம்பும் பக்கத்திலேயே தூண்டப்பட்டு, அதன் பதில் முகத்தசையின் பதிலோடு கலந்துவிடும். ஆகவே என் கருத்து: காந்தப் பரிசோதனையில் லேட்டன்சியை நம்பலாம், பதில் வந்ததா இல்லையா என்பதை நம்பலாம், ஆம்ப்ளிட்யூட் எண்ணை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும், அதுவும் வயதானவரிடம் இன்னும் அதிக எச்சரிக்கையோடு.

வயதா, நோயா: பிரித்துப் பார்ப்பது எப்படி

1. முதல் கேள்வி: இரண்டு பக்கமும் எடுத்தார்களா? வயது வலக்கன்னத்துக்கு மட்டும் வருவதில்லை. ஒரே ஆளின் நல்ல பக்கத்தை அளவுகோலாக வைத்தால் வயது, உயரம், தோல், அறையின் குளிர் எல்லாம் தானாகவே கழிந்துபோகும். பெல்ஸ் பால்சி ஏறக்குறைய எப்போதும் ஒரு பக்கத்தில்தான் வரும். பாட்டியின் எண்ணைப் பேரனின் எண்ணோடு ஒப்பிடுவதைவிடப் பாட்டியின் இடப்பக்கத்தை அவருடைய வலப்பக்கத்தோடு ஒப்பிடுவதுதான் சரி. நல்ல பக்கம் 1.2 மில்லிவோல்ட், கெட்ட பக்கம் 1.0 என்றால் அது சாதாரண ஏற்றத்தாழ்வு. நல்ல பக்கம் 1.2, கெட்ட பக்கம் 0.1 என்றால் அதற்கு வயது காரணமாக முடியாது.

2. இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கெட்டிருந்தால் மேலே சொன்ன ஒப்பீடு வேலை செய்யாது. இங்கேதான் "வயசுதான்" என்ற சமாதானம் ஏமாற்றும். நீண்டநாள் சர்க்கரை நோய் நரம்புகளை இரண்டு பக்கமும் மெதுவாக்கும், நம் பக்கத்தில் அறுபது தாண்டியவர்களில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய்க்குறியில் இரண்டு பக்க முகமும் சில நாட்களுக்குள் தளரலாம், அது அவசர சிகிச்சைக்குரியது. தொழுநோயும் முகநரம்பின் கண்ணுக்குப் போகும் கிளையைத் தாக்கும், கண் மூடாமல் போகும். இரண்டு பக்கமும் எண்கள் வயதுக்கு மீறி மோசமாக இருந்தால் கை, கால் நரம்புகளையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

3. எந்த வயதுக்காரர்களின் அளவோடு ஒப்பிட்டார்கள்? ரிப்போர்ட்டில் வழக்கமான அளவு என்று ஒரே ஒரு எண் அச்சடித்திருக்கும். கேரளத்தில் 2021 மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 16.5 பேர் அறுபதைத் தாண்டியவர்கள், இந்திய மாநிலங்களிலேயே அதிகம். தமிழ்நாடு 13.6 சதவீதத்தோடு அடுத்த இடத்தில். இப்படிப்பட்ட இடத்தில் பரிசோதனைக்கு வருபவர்களில் முதியவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது தெரிந்த விஷயம். ஒவ்வொரு பரிசோதனைக்கூடமும் வயதுவாரியாகத் தன் சொந்த அளவுகளை வைத்திருக்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வேன்.

4. தோலின் வெப்பநிலை. குளிர்ந்த நரம்பு மெதுவாக ஓடும், வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டர் போலக் குறையும். கை, கால் அளவுக்கு முகம் குளிராது என்றாலும், ஏசி அறையில் அரைமணி நேரம் காத்திருந்த மெலிந்த முதியவருக்கு இது கணக்கில் வரும்.

எந்த நாளில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம்

நரம்பிழை அறுபட்டாலும் அறுபட்ட இடத்துக்கு வெளியே உள்ள பகுதி உடனே சாவதில்லை. சில நாட்கள் வரை தூண்டினால் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே முகம் கோணிய இரண்டாம் நாள் காதுக்குப் பின்னால் மின் தூண்டல் கொடுத்தால், நரம்பு எலும்புக்குள் மோசமாக அடிபட்டிருந்தாலும் ரிப்போர்ட் நன்றாகவே வரும். இதைப் பார்த்து "ஒண்ணும் இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடக்கூடாது. மின் பரிசோதனை உண்மையைச் சொல்லத் தொடங்குவது மூன்று, நான்கு நாட்களுக்குப் பிறகு, இரண்டு வாரம் வரை அதன் சொல்லுக்கு மதிப்பு அதிகம். அந்தக் காலத்துக்குள் நல்ல பக்கத்தோடு ஒப்பிடும்போது பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆம்ப்ளிட்யூட் போய்விட்டால், நரம்பு பலமாக அடிபட்டிருக்கிறது என்று பொருள்.

காந்தம் முதல் நாளிலேயே வித்தியாசத்தைக் காட்டும், ஏனென்றால் அது அடிபட்ட இடத்தின் வாசலிலேயே தூண்டுகிறது. ஆனால் இதைப் படிக்கும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. முதல் சில நாட்களில் காந்தத்துக்குப் பதில் வந்தால் அது நல்ல சகுனம், பெரும்பாலும் நன்றாகத் தேறுவார்கள். பதில் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தம் நரம்பு செத்துவிட்டது என்பதல்ல, வீக்கத்தால் செய்தி தற்காலிகமாகத் தடைபட்டிருக்கலாம் அல்லது தூண்டல் வரம்பு உயர்ந்திருக்கலாம். முகம் முழுவதும் சரியாகிச் சிரிக்கத் தொடங்கிய பிறகும் சிலருக்குக் காந்தத் தூண்டலுக்குப் பல மாதங்கள் பதில் வருவதில்லை. வந்தால் நிம்மதி, வராவிட்டால் மின் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காந்தப் பரிசோதனை வசதி எல்லா மருத்துவமனையிலும் இருக்காது. அது இல்லாததால் சிகிச்சை நின்றுவிடாது, முகவாதத்தை டாக்டர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறார். இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட், மூளையில் உலோகக் கிளிப் இருப்பவர்களும் வலிப்பு நோய் உள்ளவர்களும் இந்தப் பரிசோதனைக்கு முன் கட்டாயம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

வயதானவருக்கு முகம் கோணினால்

பரிசோதனை எண்களுக்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவருக்குத் திடீரென்று வாய் கோணினால் முதலில் விலக்க வேண்டியது பக்கவாதத்தை. நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பாருங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் செய்தி வருவதால், மூளையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், கீழ்முகம் மட்டும் தளரும். முகநரம்பே அடிபட்டிருந்தால் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. நெற்றி சுருங்குகிறது, அல்லது கை தளர்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. சந்தேகம் என்றாலும் போய்விடுவதே நல்லது, வீட்டில் உட்கார்ந்து நெற்றியை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

முகநரம்புதான் என்று உறுதியானால் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நடந்து 2007-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், இந்தக் கெடுவுக்குள் பிரெட்னிசலோன் எடுத்தவர்களில் ஒன்பது மாதத்தில் முழுமையாகக் குணமானவர்கள் 94.4 சதவீதம், எடுக்காதவர்களில் 81.6. எண்ணெய் தேய்த்து ஒரு வாரம் காத்திருப்பதன் விலை இந்த இடைவெளி. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், அதற்காக மருந்தையே தவிர்க்காமல், அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்த்து டாக்டர் சொல்படி மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற மருத்துவர் எந்த மருந்தும் இல்லாமல் 1,701 பெல்ஸ் பால்சி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் எழுதினார், 71 சதவீதம் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். ஆனால் அந்த 71 எல்லா வயதுக்கும் சமமாக இல்லை. குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள், வயது கூடக் கூட முழுமையாகத் தேறியவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வயதால் கரைந்த கையிருப்பு என்று மேலே சொன்னேனே, அதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஓரளவு புரியும். ஏற்கனவே தத்தெடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கும் நரம்பணுக்களுக்கு இன்னொரு அடியைத் தாங்க இடம் குறைவு. நரம்பு மறுபடி வளரும் வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போல, முதுமையில் அதுவும் மந்தமாகும்.

அதனால் முதியவரிடம் ஆறு வாரத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று மனம் உடைய வேண்டாம். அதுவரை கண்ணைக் காப்பாற்றுவதுதான் வீட்டாரின் தினசரி வேலை: பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடிப் பிளாஸ்டர். கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் இருந்தால் அது அக்கி வைரஸால் வரும் வேறு வகை, அதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள், முதல் நாளிலேயே காதைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, நான்கு மாதம் கழித்தும் முகத்தில் சிறு அசைவுகூட இல்லை என்றாலோ, தளர்ச்சி திடீரென்று வராமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தாலோ, அதைப் பெல்ஸ் பால்சி என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. நரம்பு ஓடும் பாதையில், காது எலும்பிலோ கன்னத்துச் சுரப்பியிலோ, கட்டி எதுவும் அழுத்துகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டம் அது.